போனில் ஆங்கிலச் சொல் படிப்பது: கம்பஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம்

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ முதல் வருடம் வருகிற தமிழ்மொழிப் பிள்ளைகள் பெரும்பாலும் உயர்தரம் வரை எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்தவர்கள். விஞ்ஞானம், விவசாயம், முகாமைத்துவம் என்று சேர்ந்தால் ரியூட் (விரிவுரையாளர் தரும் குறிப்புத்தாள்), ஸ்லைட், சோதனைத்தாள் எல்லாம் ஆங்கிலம். பிள்ளை என்ன செய்யும்? தெரியாத சொல் வந்ததும் போனை எடுத்துத் தேடும். பொருள் தெரிந்ததும் 'ஓ, இதுதானா' என்று ஸ்லைடுக்குத் திரும்பும். அடுத்த கிழமை அதே சொல் வேறொரு ஸ்லைடில் வரும். மறுபடியும் போன்.

விரிவுரை ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படித் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை 'போனில் இங்கிலிஷ் படிக்கிறேன்' என்று கணக்கில் சேர்த்தால் அது தப்புக் கணக்கு. தேடும்போது வேலை செய்வது போன்தான். மூளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. சொல் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது தலைகீழாக மாற வேண்டும்: போன் கேட்க வேண்டும், நாம் பதில் சொல்ல வேண்டும். எந்தச் செயலியை எடுத்தாலும் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

போனை வைத்து மொழி படிப்பது ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. ஜப்பானில் பட்ரிசியா தோர்ன்டன், கிறிஸ் ஹவுசர் என்ற இரண்டு ஆசிரியர்கள் 44 பல்கலைக்கழக மாணவர்களின் போனுக்கு, குறித்த நேர இடைவெளியில், சுமார் நூறு சொல் நீளமான சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்பாடங்களை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அதே பாடத்தைக் கடதாசியிலோ இணையத்திலோ ஒழுங்காகப் படிக்கும்படி சொல்லப்பட்டவர்களைவிட, போனில் பெற்றவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். 2005இல் வெளியான ஆய்வு அது. பட்டன் அமுக்குகிற போன், சின்னத் திரை, படம் கிடையாது, விளையாட்டு கிடையாது. பாடம் ஒன்றுதான். ஒரு பகுதியினரிடம் பாடம் நேரத்துக்கு நேரம் தானாக வந்து நின்றது. மற்றவர்கள் தாங்களாகத் தேடிப்போக வேண்டியிருந்தது. வித்தியாசம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு

நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று பார்க்க இன்னும் பின்னால் போக வேண்டும். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாகப் பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்தார். 1885இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். அவருடைய கணக்குப்படி ஒரு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதற்குப் பிறகு மறதி மெதுவாகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. பொருளுள்ள சொற்கள் இவ்வளவு வேகமாகப் போகா; ஆனாலும் முதல் நாளில் சரிவு கடுமை, பிறகு மெதுவு என்ற போக்கு அதேதான்.

இதிலிருந்து ஒரு வழி தெரிகிறது. மறக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு தடவை நினைவுபடுத்தினால், அடுத்த மறதி தள்ளிப்போகிறது. அடுத்த தடவை இன்னும் தள்ளிப்போகிறது. இன்று, நாளை, நாலு நாள் கழித்து, பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். சோதனைக்கு முதல் நாள் இரவு ஒரே மூச்சில் ஐம்பது சொல்லைப் பாடமாக்குவதைவிட, அதே நேரத்தை ஐந்தாகப் பிரித்து இப்படிப் போட்டால் பலன் கூடுதல்.

செபாஸ்தியான் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972இல் இதை ஒரு பெட்டியாக்கினார். பெட்டிக்குள் சில தட்டுகள். ஒவ்வொரு சொல்லும் ஒரு கடதாசி அட்டையில். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தட்டுக்குப் போகும். பிழைத்தால் மறுபடி முதல் தட்டுக்கு வரும். முதல் தட்டை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும், கடைசித் தட்டை எப்போதாவது பார்த்தால் போதும். பழைய கலியாணக் கார்ட்டுகளை வெட்டி இதை வீட்டிலேயே செய்யலாம், போனே தேவையில்லை. சிக்கல் என்னவென்றால் முந்நூறு அட்டை சேர்ந்ததும் எதை எந்த நாளில் பார்ப்பது என்று கணக்கு வைக்க எவராலும் ஏலாது. போன் உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான்.

1987இல் போலந்தில் பியோத்தர் வோஸ்னியாக் இந்த இடைவெளிக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தார். அந்த வழியில் 2006இல் டேமியன் எல்ம்ஸ் உருவாக்கிய 'அங்கி'தான் இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் முதல் மொழி படிப்பவர் வரை பலர் பயன்படுத்துவது. ஆண்ட்ரொய்டில் 'அங்கிட்ரொய்ட்' என்ற பெயரில் இலவசம். ஐபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதைப் போல வேறு செயலிகளும் இருக்கின்றன. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இரண்டு: விளம்பரம் வந்து தொல்லை செய்யாது, அட்டைகளை இறக்கிக்கொண்ட பிறகு டேட்டா இல்லாமலே ஓடும்.

பதிலைப் பார்த்ததும், எவ்வளவு நினைவிருந்தது என்று நாமே சொல்ல அதில் நாலு பொத்தான்கள் வரும்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஹார்ட்டில் சறுக்குவார்கள். சொல் நினைவுக்கு வரவில்லை, ஆனால் பதிலைப் பார்த்ததும் 'தெரிந்ததுதானே' என்று தோன்றும். உடனே ஹார்ட்டை அமுக்குவார்கள். செயலி அதை 'கஷ்டப்பட்டாலும் சரியாகச் சொன்னார்' என்று எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தள்ளிவைத்துவிடும். நினைவுக்கு வராவிட்டால் அகெய்ன், மானம் பார்க்கத் தேவையில்லை. யாரும் பார்க்கிறதில்லை.

எந்தச் சொல்லை எடுப்பது

பலர் நினைப்பது, பாடத்தின் கலைச்சொற்கள்தான் கஷ்டம் என்று. அது உண்மையில்லை. 'ஆர்முடுகல்' தெரிந்த பிள்ளைக்கு 'அக்ஸலரேஷன்' ஒரு புதுப் பெயர் மட்டும்தான். விஷயம் ஏற்கனவே தலையில் இருக்கிறது. 'நியம விலகல்' கணித்து வந்தவருக்கு 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' இரண்டு நாளில் பழகிவிடும். போதாக்குறைக்கு விரிவுரையாளரும் கலைச்சொல்லை நின்று விளக்குவார், பலகையில் எழுதுவார், சோதனையில் வரும் என்று சொல்வார்.

யாரும் நின்று விளக்காத சொற்கள் வேறு: எஸ்யூம், டிரைவ் (வாகனம் ஓட்டுவதல்ல, பெறுதல்), இன்டர்ப்ரெட், இன்டிகேட், வேரி, வெயர்அஸ், ஹென்ஸ். கலைச்சொல் செங்கல் என்றால் இவை சாந்து. எல்லாத் துறைப் புத்தகத்திலும் வரும், ஒரு துறைக்கும் சொந்தமில்லை, தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவை தெரியாவிட்டால் ஒரு பந்தியில் உள்ள கலைச்சொல் எல்லாம் தெரிந்தும் அந்தப் பந்தி என்ன சொல்கிறது என்று பிடிபடாது.

இப்படிப்பட்ட சொற்களை ஒருவர் எண்ணியே தொகுத்திருக்கிறார். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய நாலு துறைகளிலிருந்தும் 35 இலட்சம் சொல் அளவுக்குக் கல்வி எழுத்துகளைச் சேர்த்து, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைப் பிரித்தெடுத்தார். 2000இல் அது 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. மொத்தம் 570 சொற்குடும்பங்கள். குடும்பம் என்றால் வேரி, வேரியபிள், வேரியேஷன், வேரியன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்று. கல்வி எழுத்தில் பத்துச் சொல் வந்தால் சராசரியாக அதில் ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. பட்டியல் பத்துப் பிரிவாக, கூடுதலாக வருவது முன்னால் என்ற ஒழுங்கில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அங்கிக்கு ஏற்ற அட்டைக் கட்டாகவும் பலர் செய்து போட்டிருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 6 குடும்பம் வீதம் எடுத்தால் 95 நாள். ஒரு செமஸ்டர் 15 வாரம் என்றால் அதற்குள் அடங்கிவிடும். செயலி முதலில் நாளுக்கு 20 புதுச் சொல் என்று தானாகவே வைத்திருக்கும். அதை ஆறாகவோ எட்டாகவோ குறைத்துவிடுங்கள். இருபது என்பது முதல் மூன்று நாள் இனிக்கும். அதன் பிறகு பழைய சொற்களும் சேர்ந்து வரத் தொடங்கும்போது ஒரு நாளைக்கு நூற்றைம்பது அட்டை நிற்கும், செயலியையே அழித்துவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியல், அன்றாடம் அதிகம் வரும் முதல் இரண்டாயிரம் ஆங்கிலச் சொல் தெரியும் என்று வைத்துக்கொண்டு செய்யப்பட்டது. அந்த இரண்டாயிரம் மட்டுமே கல்வி எழுத்தில் முக்கால் பங்கை நிரப்பும். அதிலேயே ஓட்டை இருந்தால் முதலில் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவர்களுக்கும் அதில் ஓட்டை இருப்பதுண்டு.

சாந்துச் சொற்களில் பலவற்றை நாம் தமிழில் நன்றாகவே அறிவோம் என்பதையும் சொல்ல வேண்டும். விடுதியில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்:

"அக்கா, எஸ்யூம் எண்டா நினைக்கிறதா?"

"நினைக்கிறதில்ல தங்கச்சி. கணக்குல 'எக்ஸ் எனக் கொள்க' எண்டு எழுதினமே, அந்தக் கொள்கதான்."

அந்த ஒரு வரி அகராதியின் ஆறு பொருளைவிட மேல். இப்படியானதுதான் அட்டையில் ஏற வேண்டும்.

அட்டை எப்படி இருக்க வேண்டும்

பட்டியலை அப்படியே இறக்கிக்கொள்வதைவிட சொந்தமாக அட்டை செய்வதே நல்லது என்பது என் பக்கம். நேரம் எடுக்கும்தான். ஆனால் செய்யும்போதே பாதி படித்தாகிவிடுகிறது. ஒரு அட்டையை நிதானமாகப் பார்ப்போம்.

விவசாய பீடத்தில் ஒருவர் நெல்லைப் பற்றிய விரிவுரையில் 'யீல்ட் வேரிட் வித் ஸ்பேசிங்' என்ற வரியைக் குறித்துக்கொண்டு வருகிறார். அவருக்கு 'வேரிட்' சரியாகப் பிடிபடவில்லை. அட்டையின் முன்பக்கத்தில் 'வேரி என்றால் என்ன?' என்று போடத் தேவையில்லை. 'நாற்று இடைவெளிக்கேற்ப விளைச்சல் வேறுபட்டது' என்று தமிழில் எழுதி, அதன் கீழே அந்த ஆங்கில வரியை, 'வேரிட்' இருக்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு எழுத வேண்டும். பின்பக்கத்தில் அந்தச் சொல், அதன் ஒலி, அதன் குடும்பத்திலிருந்து இன்னொரு சொல். 'வேரியபிள்' என்று போடலாம். கணிதத்தில் 'மாறி' என்று படித்தது அதுதான் என்று உடனே பொருந்தும். அவ்வளவு போதும்.

இதில் மூன்று விஷயம் நடக்கிறது. வரி அவர் சொந்தக் குறிப்பிலிருந்து வந்தது, ஆகவே சொல்லோடு சேர்த்து 'வேரி'க்குப் பின்னால் 'வித்' வரும் என்பதும் பதிகிறது. பதிலை நாலு தெரிவில் ஒன்றாகத் தொட முடியாது, மூளைக்குள்ளிருந்து இழுத்தெடுக்க வேண்டும். அத்தோடு தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறார், அசைன்மென்ட் எழுதும்போது தேவைப்படுவதும் அந்தத் திசைதான்.

அந்த இழுத்தெடுத்தலைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குப் பந்திகள் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் வாசித்துவிட்டுப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களே முன்னால். ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னால். வாசிக்கும்போது வருகிற 'எனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கை கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லுபடியாகும். நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் மணி அடித்து நட்சத்திரம் கொடுக்கிற விளையாட்டுச் செயலிகள் பிடிக்கக் காரணமும், அவற்றில் படித்தது எழுதும்போது கைக்கு வராமல் போகக் காரணமும் இதுவே.

ஒரு அட்டைக்கு ஒரு பொருள். 'இஷ்யூ' என்று அகராதியைப் பார்த்தால் பிரச்சினை, சஞ்சிகை இதழ், வெளியிடுதல் என்று வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் பின்பக்கத்தில் அடைத்தால் எதைச் சொன்னால் சரி என்று உங்களுக்கே தெரியாது. இன்று உங்கள் ரியூட்டில் எந்தப் பொருளில் வந்ததோ அதை மட்டும் போடுங்கள். 'சிக்னிஃபிகன்ட்' போன்ற சொல்லில் இது இன்னும் முக்கியம். அன்றாட ஆங்கிலத்தில் அது 'முக்கியமான'. புள்ளிவிபரத்திலோ, கண்ட வித்தியாசம் தற்செயலாக மட்டும் வந்திருக்கச் சாத்தியம் குறைவு என்பதைச் சொல்வது. 'நொட் சிக்னிஃபிகன்ட்' என்ற முடிவைப் பார்த்து 'இந்தப் பரிசோதனை முக்கியமில்லை' என்று விளங்கிக்கொண்டால் அறிக்கையே கவிழும்.

தமிழ்ப் பொருளிலும் ஒரு பொறி

போன் கமராவை ஸ்லைடின் மேல் பிடித்தால் தமிழில் மாற்றித் தருகிறது. அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் கலைச்சொற்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. 'மாஸ்' என்பதற்கு அங்கே 'நிறை', 'வெயிட்' என்பதற்கு 'எடை'. நமது பாடநூலில் மாஸ் 'திணிவு'. 'நிறை' என்றால் வெயிட். ஆக, போன் தந்ததை நம்பி 'மாஸ் = நிறை' என்று அட்டை செய்த இலங்கைப் பிள்ளை, பௌதிகத்தில் வேறு வேறான இரண்டு கணியங்களை ஒன்றாகப் பாடமாக்குகிறது. செயலி அதை ஒழுங்காக இடைவெளி விட்டு ஆழமாகப் பதியவும் வைத்துவிடும். 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்'. அதில் ஆபத்தில்லை, ஆனால் அடையாளம் தெரியாமல் தடுமாறலாம்.

இதற்கு நல்ல மருந்து நம்மிடமே இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடசாலைப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தரம் 10, 11 விஞ்ஞானப் புத்தகத்தை இரு மொழியிலும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதே அத்தியாயம், அதே படம், அதே ஒழுங்கு. தமிழில் ஏற்கனவே படித்த பக்கத்தை ஆங்கிலத்தில் திறந்தால் சொல்லுக்குச் சொல் தானாகப் பொருந்தும். காசு கொடுத்து வாங்குகிற எந்த அகராதியும் நம் வழக்குக்கு இவ்வளவு கிட்ட வராது. நான் கேட்டவரை இதைச் செய்கிற மாணவர்கள் மிகக் குறைவு. 'ஸ்கூல் புத்தகம்தானே' என்ற அலட்சியம்.

நமக்கு அந்தத் தமிழ்க் கலைச்சொற்கள் சும்மா கிடைத்தவையும் அல்ல. கல்முனையிலிருந்து ஒலுவிலுக்குப் போகிற வழியில் உள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தவர். விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க வைக்கப் பாடுபட்டவர், விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படித்தவர். இரண்டு மொழியிலும் சொல்லைச் சேர்த்து வைத்திருப்பது இங்கே புதுப் பழக்கமல்ல.

ஒலியை மறக்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கட்டுரைக்கு அது சரி. அட்டையில் அப்படி எழுதாதீர்கள். பெறுதல் என்ற பொருளுள்ள சொல்லையும் வாகனம் ஓட்டுவதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'டிரைவ்' என்றே நிற்கும். முதலாவதில் இரண்டு அசை, அழுத்தம் இரண்டாவதில் விழும். தமிழ் எழுத்து அதைக் காட்டாது. 'ப' ஒன்றை வைத்து ஆங்கிலத்தின் இரண்டு மூன்று ஒலிகளை ஒப்பேற்றுகிறோம். கண்ணால் மட்டும் படித்த சொல்லை விரிவுரையாளர் வாயில் கேட்கும்போது அது வேறு சொல்லாகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

போனில் ஒலி இருக்கிறது, பயன்படுத்துங்கள். அங்கிட்ரொய்டில் சொல்லைப் போனே வாசிக்கும்படி வைக்கலாம். அல்லது அகராதிச் செயலியில் கேட்டுவிட்டு உங்கள் குரலிலேயே பதிந்து அட்டையில் சேர்க்கலாம். 'அனலைஸ்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், 'அனலிசிஸ்' என்றானதும் இரண்டாவது அசைக்கு நகர்கிறது. இது விதியாகப் படித்து வருவதல்ல, காதில் விழுந்து வருவது. உச்சரிப்பைச் சோதிக்க கீபோர்டில் உள்ள மைக்கை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நினைத்த சொல்லை அது எழுதினால் சரி. எழுதாவிட்டால் கவலைப்பட வேண்டாம், அதுவும் சில நேரம் பிழைவிடும். ஆனால் ஒரே சொல்லில் திரும்பத் திரும்பப் பிழைத்தால் கவனியுங்கள்.

எப்போது, எங்கே

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். ஆனால் ஒவ்வொரு நாளும். 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் கிடைக்காது. ஏற்கனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவிட வேண்டும். காத்தான்குடியிலிருந்து வந்தாறுமூலைக்கு வருகிற பிள்ளைக்குப் பஸ் நேரமே தாராளம். ஒலுவில் விடுதியில் சுபஹு தொழுதுவிட்டு ஐந்து நிமிடம், பகல் சாப்பாட்டு வரிசையில் ஐந்து நிமிடம் என்று பிரித்தாலும் ஓடும். பிரித்தால் இன்னும் நல்லது.

போனின் கேடு போனுக்குள்ளேயே இருக்கிறது. அட்டை பார்க்கத் திறந்தவர் வட்ஸ்அப் சிவப்புப் புள்ளியைப் பார்ப்பார், மறுகா டிக்டொக்கில் இருப்பார். மனவுறுதியை நம்ப வேண்டாம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு விமானப் பயன்முறையில் போடுங்கள். டேட்டாவும் மிச்சம்.

பட்ச் வட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு சொல் போடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பெரும்பாலும் நடப்பது, ஒருவர் சொல்லும் பொருளும் போடுவார், நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள், முடிந்தது. கொஞ்சம் மாற்றினால் பலன் வரும். பொருளைப் போடாமல் வெறுமை விட்ட வரியைப் போடுங்கள். பதிலை எழுத்தில் அல்ல, குரலில், புதிய ஒரு வசனமாக அனுப்பச் சொல்லுங்கள். வெட்கத்தில் முதலில் இரண்டு பேர்தான் அனுப்புவார்கள். அந்த இரண்டு பேருக்கு அது போதும். குழு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுமில்லை, ஐந்தாறு பேர் உள்ள தனிக் குழுவில் கூச்சம் சீக்கிரம் போய்விடும்.

சட்ஜிபிடி போன்றவற்றிடம் 'இந்தச் சொல்லை வைத்து நெற்செய்கை பற்றி ஐந்து வசனம் தா' என்று கேட்டால் அட்டைக்கு நல்ல வசனம் கிடைக்கும். 'இதைத் தமிழில் விளக்கு' என்று கேட்டால் மேலே சொன்ன திணிவு-நிறைச் சிக்கல் இங்கேயும் வரும். வசனத்துக்கு அது, பொருளுக்குப் பாடநூல்.

இவ்வளவு செய்தாலும் அட்டை மட்டும் போதாது. எழுத்து ஆங்கிலத்தைத் துணையின்றி வாசிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் தேவை என்று மொழியியலாளர் போல் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அட்டையால் ஒன்பதாயிரத்துக்குப் போக ஏலாது. அட்டை தொடக்கி வைக்கும், மீதி வாசிப்பில்தான் வரும். வாசிக்க எடுப்பதையும் இதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம்: ஒரு பக்கத்தில் முந்நூறு சொல் இருந்தால் ஆறேழு தெரியாமல் இருப்பது நல்ல அளவு. இருபது தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அதைவிட லேசானதை எடுங்கள்.

சோதனைக் காலத்தில் இரண்டு கிழமை விட்டுப்போகும், அது எல்லோருக்கும் நடப்பது. திறந்ததும் முந்நூறு அட்டை நிற்கும். அன்று புதுச் சொல்லைப் பூச்சியமாக்கிவிட்டு, பழையதை நாளுக்கு ஐம்பது என்று கட்டுப்படுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மறந்தது போலத் தெரிகிற சொல் இரண்டாம் தடவை சீக்கிரமாகத் திரும்பி வரும். அப்புறம், அங்கிவெப் என்ற இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து கிழமைக்கு ஒரு தடவையாவது கம்பஸ் வைஃபையில் அட்டைகளை அதோடு ஒத்திசைத்து வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் தொலைந்தாலும் புதுப் போனில் அதே கணக்கைத் திறந்தால் எந்தச் சொல்லை எந்த நாளில் கேட்க வேண்டும் என்ற கணக்கு உட்பட எல்லாம் திரும்பக் கிடைக்கும்.